திடீர்த் தலைவலியும் முதல் சி.டி. ஸ்கேனும்: சப்-அரக்னாய்டு இரத்தக்கசிவைப் படத்தில் கண்டறியும் முறை

மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளில், நடுவிலுள்ள அரக்னாய்டு படலத்துக்கும் மூளையின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் பயா படலத்துக்கும் இடையே மூளைத் தண்டுவட நீர் நிறைந்த சப்-அரக்னாய்டு இடைவெளி உள்ளது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள் அந்த இடைவெளிக்குள்தான் கிளை பிரிகின்றன. தலையில் அடி எதுவும் படாமல் அங்கே இரத்தம் கசிந்திருந்தால், ஏறத்தாழ 85 சதவீத நோயாளிகளில் அனியூரிசம், அதாவது தமனிச் சுவர் வலுவிழந்து குமிழ் போல் புடைத்த பகுதி, வெடித்திருப்பதே காரணம். வெடித்த அனியூரிசம் மறுபடியும் வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் முறை வெடித்தால் பிழைப்போர் மிகக் குறைவு. சிறிய கசிவோடு நடந்தே மருத்துவமனைக்கு வந்து, சாதாரணத் தலைவலி என்று மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுபவர்தான் இந்த நோயில் நாம் காப்பாற்றியிருக்கக்கூடியவர். அவசர சிகிச்சைப் பிரிவிலோ கதிரியக்கத் துறையிலோ புதிதாகப் பணியேற்றிருக்கும் பயிற்சி மருத்துவர்களையும் முதுநிலை மாணவர்களையும் சி.டி. தொழில்நுட்பர்களையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் மணியைக் கேளுங்கள்

படத்தைத் திறப்பதற்கு முன்பே தலைவலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் எந்தப் பரிசோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு தகவல்தான். ஸ்கேன் சீட்டில் பெரும்பாலும் ‘தலைவலி, வாந்தி’ என்று மட்டும் எழுதியிருக்கும். அதனால் நோயாளியிடமோ உடன் வந்தவரிடமோ நேரில் பேசுங்கள். “எப்போதிலிருந்து வலி?” என்று கேட்டால் “நேத்துலேர்ந்து சார்” என்ற பதில்தான் வரும். “வலி வந்த அந்த நிமிஷம் அம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ராத்திரி சாப்பிட்டு முடிச்சுப் பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க சார், அப்படியே தலையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டாங்க” என்று பதில் வந்தால், மணியும் கிடைத்துவிடுகிறது, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி அது என்பதும் கிடைத்துவிடுகிறது. கூடவே மயங்கி விழுந்தாரா, கழுத்து வலிக்கிறதா, வலிப்பு வந்ததா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, இரத்தசோகை உள்ளவரா, விழுந்ததில் தலையில் அடிபட்டதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் அடிபட்டும் இதே இடத்தில் இரத்தம் கசியும். அனியூரிசம் வெடித்ததால் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டவரும் உண்டு.

மணி ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு, 2011இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று தெளிவான விடை தருகிறது. திடீர்த் தலைவலியோடு வந்த 3132 பேரை வைத்துச் செய்யப்பட்ட அந்த ஆய்வில், வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேன்கள் இருந்த இரத்தக்கசிவு அனைத்தையும் காட்டின. 6 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்தவை சுமார் 86 சதவீதத்தையே காட்டின. கசிந்த இரத்தத்தை மூளைத் தண்டுவட நீர் ஓயாமல் கரைத்து அகற்றிக்கொண்டே இருப்பதால், ஒரு வாரம் கழிந்த பின் எடுக்கும் சி.டி.யில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

ஸ்கேன் எடுக்கும்போது

முதல் ஸ்கேன் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சாதாரண சி.டி.யாகவே இருக்க வேண்டும். மருந்து செலுத்திவிட்டால் தமனிகளும் உறைகளும் வெளுத்து, சிறிய கசிவை அவற்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும். தலையின் உச்சியிலிருந்து ஃபோராமென் மேக்னம் எனப்படும் மண்டையோட்டின் அடித் துளைக்குக் கீழே, முதல் கழுத்தெலும்பு வரை படத்துக்குள் வர வேண்டும். பின்பக்கத் தமனிகளில் வெடிக்கும் அனியூரிசத்தின் இரத்தம் அந்த அடித் துளையைச் சுற்றி மட்டுமே தங்கியிருப்பதுண்டு; படம் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. 5 மி.மீ. தடிமன் படங்களோடு நிறுத்தாமல், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய படங்களையும், அவற்றிலிருந்து முன்-பின், பக்கவாட்டுத் தளங்களில் மறுவடிவமைத்த படங்களையும் அனுப்புங்கள். நோயாளி வலியில் தலையை அசைத்துப் படம் கலங்கிவிட்டால், தயங்காமல் மறுபடி எடுக்க வேண்டும். கர்ப்பிணி என்பதற்காகவும் இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. தலைக்கு எடுக்கும் சி.டி.யில் கருவுக்குச் சென்று சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு.

படங்களைக் கணினித் திரையில், விண்டோவை, அதாவது கறுப்பிலிருந்து வெளுப்பு வரை காட்டப்படும் அலகுகளின் எல்லையை, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அகலம் 80, மையம் 40 என்ற வழக்கமான மூளை விண்டோ தொடங்குவதற்குப் போதும். எலும்பை ஒட்டிய மெல்லிய இரத்தத்தைப் பிரித்துப் பார்க்க அகலத்தை 150 முதல் 200 வரை கூட்டிக்கொள்ளுங்கள். ஃபிலிமைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பெரிய கசிவை அதில் அடையாளம் காணலாம். ஆனால் அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து ‘இரத்தக்கசிவு இல்லை’ என்று எவரும் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது

புதிதாகக் கசிந்து அடர்ந்த இரத்தம் சி.டி.யில் 50 முதல் 70 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) வரை காட்டும். மூளையின் சாம்பல் நிறப் பகுதி 40க்குச் சற்றுக் குறைவாகவும், மூளைத் தண்டுவட நீர் 0 முதல் 15 வரையும் இருக்கும். அதனால் நீர் நிறைந்து கறுப்பாகத் தெரிய வேண்டிய சிஸ்டர்ன்கள், அதாவது சப்-அரக்னாய்டு இடைவெளி அகன்றிருக்கும் இடங்கள், இரத்தம் நிறைந்து வெளுத்துத் தெரிவதே இந்த நோயின் அடையாளம். நிறைய இரத்தம் இருக்கும்போது வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். வழிகாட்டல் தேவைப்படுவது கொஞ்சம் இரத்தம் உள்ளவருக்குத்தான். கசிவு சிறிதாக இருக்கும்போதும், ஒன்றிரண்டு நாள் கடந்துவிட்டபோதும், நோயாளியின் ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 30 சதவீதத்துக்குக் குறைந்திருக்கும்போதும் அந்த இரத்தம் வெளுத்துத் தெரியாமல் மூளையின் நிறத்திலேயே கலந்து நிற்கும். வெண்மையை மட்டும் தேடுகிறவர் இதைத் தவறவிடுவார். கறுப்பாக இருந்தாக வேண்டிய ஒவ்வோர் இடமும் கறுப்பாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறவர் பிடித்துவிடுவார்.

நான் கீழிருந்து மேலே போவேன். யாரும் எந்த வரிசையையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினமும் அதே வரிசையாக இருக்க வேண்டும். அடித் துளையையும் முகுளத்தைச் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்துவிட்டு, மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளில் ஒன்றான நான்காம் வென்ட்ரிக்கிளைக் கவனியுங்கள். பிறகு பான்ஸுக்கு முன்னாலுள்ள சிஸ்டர்ன். அதற்கு மேலே நடுமூளை வந்தவுடன் நின்று நிதானிக்க வேண்டும். நடுமூளையின் இரண்டு காம்புகளுக்கு நடுவே இன்டர்பெடன்குலர் சிஸ்டர்ன் என்ற சிறிய முக்கோண இடுக்கு உள்ளது. இயல்பான படத்தில் அந்த முக்கோணம் கறுப்பாகவும், அதன் முன்பக்கம் பேசிலார் தமனியின் முனை ஒரு சாம்பல் நிறப் புள்ளியாகவும் தெரியும். சிறிதளவு இரத்தம் சேர்ந்தால் முதலில் அந்தப் புள்ளியின் ஓரம் மங்கும். பிறகு புள்ளி எது, நீர் எது என்று தெரியாமல் முக்கோணம் முழுவதும் ஒரே சாம்பலாகிவிடும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு இரத்தம் வந்து தேங்குவதற்கு வாகான இடம் இது என்பதால், மற்ற இடங்களில் இரத்தம் கரைந்துபோன பின்னும் இங்கே மிச்சம் இருப்பதுண்டு. சந்தேகம் வந்தால் மெல்லிய படத்தில் சுட்டியை அங்கே வைத்து அலகை அளந்து பாருங்கள்.

அடுத்து, நட்சத்திர வடிவில் தெரியும் சுப்ராசெல்லர் சிஸ்டர்ன். அதன் ஐந்தோ ஆறோ முனைகளில் ஒன்று மட்டும் காணாமற்போயிருந்தாலும் காரணம் தேட வேண்டும். அங்கிருந்து இரு பக்கமும் விரியும் சில்வியன் பிளவுகளை வலம், இடம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் தெரிந்தால், தலை சாய்ந்திருந்ததா என்பதைச் சரிபார்த்த பிறகே அதை இயல்பு என்று ஒதுக்கலாம். முன்புறம் இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவையும், நடுமூளைக்குப் பின்னுள்ள சிஸ்டர்ன்களையும், உச்சி வரையுள்ள மடிப்பிடுக்குகளையும் பார்த்துக்கொண்டே மேலே செல்லலாம்.

கடைசியாக இரண்டு இடங்கள், இரண்டுமே புதியவர்கள் தவறவிடுபவை. பக்க வென்ட்ரிக்கிள்களின் பின்கொம்புகளில் இரத்தம் அடியில் படிந்து, மேற்பக்கம் தட்டையான கோடாக நிற்கும். மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்ஸஸில் படிந்த சுண்ணாம்பும் அதே பகுதியில் வெளுத்துத் தெரியும், ஆனால் அது தட்டையாக இராமல் உருண்டையாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். மற்றொன்று, பக்க வென்ட்ரிக்கிளின் பொட்டுப் பக்கக் கிளையான டெம்போரல் கொம்பு. இளையவருக்கு அது வெறும் கீற்றாகத்தான் இருக்க வேண்டும். மடிப்பிடுக்குகள் விரியாமல் அது மட்டும் 2 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால், நீர் வழி அடைபடத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். இரத்தம் எதுவும் கண்ணில் படாத ஸ்கேனில் இந்த ஒரு குறிதான் எச்சரிக்கையாக நிற்கும்.

இரத்தம் அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடம் எந்தத் தமனி வெடித்தது என்பதற்கும் குறிப்புத் தரும். முன் பிளவிலும் அதை ஒட்டிய முன்மூளையின் அடிப்பகுதியிலும் சேர்ந்தால் முன் இணைப்புத் தமனியையும், ஒரு பக்கச் சில்வியன் பிளவில் திரண்டிருந்தால் அந்தப் பக்க மிடில் செரிப்ரல் தமனியையும், நான்காம் வென்ட்ரிக்கிளிலும் முகுளத்தைச் சுற்றியும் இருந்தால் சிறுமூளையின் பின்-கீழ்த் தமனியையும் முதலில் சந்தேகிக்கலாம். உச்சியை ஒட்டிய ஒன்றிரண்டு மடிப்புகளில் மட்டும் இரத்தம் இருந்தால் அனியூரிசம் காரணமாக இருப்பது அரிது. 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் மூளைத் தமனிகள் தற்காலிகமாகச் சுருங்கும் நோயையும், அதற்கு மேற்பட்டவரானால் தமனிச் சுவரில் அமிலாய்டு படியும் நோயையும் நினைக்க வேண்டும். மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்பதை எந்த வயதிலும் பார்த்துவிட வேண்டும்.

இரத்தம் போலத் தோன்றுபவை

இதயத் துடிப்பு நின்றுபோன பிறகு உயிர்ப்பிக்கப்பட்டவருக்கு மூளை முழுவதும் வீங்கிக் கறுத்துவிடும்போது, சிஸ்டர்ன்களிலுள்ள தமனிகளும் சிரைகளும் வீங்கிய மூளைக்கு எதிரே வெளுத்துத் தோன்றி, சப்-அரக்னாய்டு இரத்தக்கசிவு என்றே நம்பவைக்கும். அளந்து பார்த்தால் அந்த வெண்மை பெரும்பாலும் 30 முதல் 42 அலகுக்குள் நின்றுவிடும். உண்மையான புது இரத்தம் அதைவிட உயர்ந்திருக்கும். முதல் நாள் ஆஞ்சியோகிராம் செய்தவருக்குத் தங்கிப்போன கான்ட்ராஸ்ட் மருந்து, சீழ் பிடித்த மூளையுறை அழற்சி, சுண்ணாம்பு படிந்த மூளைப் பிரிசுவர், எலும்பின் ஓரம் பாதி படத்துக்குள் வந்து ஏற்படுத்தும் மங்கல் ஆகியவையும் ஏமாற்றும். மெல்லிய படங்களையும் மற்றத் தளங்களையும் பார்த்தால் கடைசி இரண்டும் விலகிவிடும்.

இரத்தம் உறுதியானால்

அறிக்கை எழுத உட்காருவதற்கு முன் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். சொன்ன மணியையும் அறிக்கையில் குறித்துவையுங்கள். நோயாளி இன்னும் ஸ்கேன் மேசையிலேயே இருந்தால், அங்கேயே சி.டி. ஆஞ்சியோ (கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தித் தமனிகளைக் காட்டும் சி.டி.) எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் முடிவு வரட்டும் என்று உயிராபத்திலுள்ளவரைக் காத்திருக்க வைப்பது சரியன்று. முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், 18 கேஜ் கேனுலா போட்டு, வினாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் 60 முதல் 80 மி.லி. மருந்து செலுத்தி, மகாதமனி வளைவிலிருந்து உச்சி வரை படமெடுப்பதே பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் முறை.

சாதாரண சி.டி.யிலுள்ள இரத்தத்தின் அளவை மாற்றியமைக்கப்பட்ட ஃபிஷர் அளவுகோலால் குறிக்க வேண்டும். 1980இல் ஃபிஷர் முன்வைத்த பழைய அளவுகோலில் தடித்த இரத்தமும் வென்ட்ரிக்கிள் இரத்தமும் சேர்ந்தே உள்ளவரை எந்தத் தரத்தில் வைப்பது என்ற குழப்பம் இருந்தது. புதியதில் இரத்தமே தெரியாதது 0. மெல்லிய இரத்தம் 1. அதோடு வென்ட்ரிக்கிள்களிலும் இரத்தம் இருந்தால் 2. தடித்த இரத்தம் 3. அதோடு வென்ட்ரிக்கிள்களிலும் இருந்தால் 4. தரம் கூடக் கூட, பின்னால் தமனிகள் சுருங்கி மூளைக்கு இரத்தம் குறையும் வாய்ப்பும் கூடும்.

ஆஞ்சியோ படங்களில் முப்பரிமாண வண்ணப் படம் அழகாக இருக்கும், ஆனால் அனியூரிசத்தைத் தேட வேண்டியது மெல்லிய மூலப் படங்களில்தான். கண்டுபிடித்த பிறகு, எந்தத் தமனியில், எந்தக் கிளை பிரியும் இடத்தில் உள்ளது, குமிழின் நீள அகலம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு அகலம், எந்தத் திசை நோக்கி நிற்கிறது, குமிழிலிருந்தே கிளை ஏதும் கிளம்புகிறதா, அதன்மேல் சிறு முளை உண்டா என்பவற்றை எழுத வேண்டும். கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் வெறும் ‘காயில்’ எனும் மெல்லிய உலோகச் சுருளை மட்டும் வைத்து அடைப்பது கடினம். எனவே அறுவை சிகிச்சை நிபுணரும் கதீட்டர் வழியே அடைக்கும் நிபுணரும் அறிக்கையில் முதலில் தேடுவது இந்த அளவுகளைத்தான். ஓர் அனியூரிசம் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாதீர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும். பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் 3 மி.மீ.க்குள் கூம்பு வடிவில் அகன்று, அதன் முனையிலிருந்தே தமனி தொடர்ந்தால் அது இயல்பான அகற்சி. அதை அனியூரிசம் என்று எழுதி நோயாளியைக் கலங்கடிக்க வேண்டாம்.

சி.டி.யில் ஒன்றும் இல்லையென்றால்

மறுபடியும் மணியைப் பாருங்கள். வலி தொடங்கிய நேரம் தெளிவாகத் தெரிந்து, 6 மணி நேரத்துக்குள் நவீனக் கருவியில் மெல்லிய படங்களோடு ஸ்கேன் எடுக்கப்பட்டு, அசைவில்லாத அந்தப் படத்தை அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் பார்த்திருந்து, நோயாளிக்குக் கடும் இரத்தசோகையும் இல்லையென்றால் மட்டுமே ‘இல்லை’ என்ற முடிவை ஏற்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பரிசோதனை தேவை. லம்பார் பங்க்சரில், அதாவது இடுப்புப் பகுதி முதுகில் ஊசி வைத்து, எடுத்த நீரை மஞ்சள் நிறத்துக்காகப் பார்ப்பதானால், வலி தொடங்கிக் குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிவப்பணு சிதைந்து அந்த நிறம் உருவாக அவ்வளவு நேரம் பிடிக்கும். உருவான பின் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை அது இருக்கும் என்பதால், தாமதமாக வருபவருக்கு இந்தப் பரிசோதனையின் மதிப்பு மிகப் பெரிது. எம்.ஆர்.ஐ.யும் நாள் கடந்தவர்களுக்கு உதவும்: ஃப்ளேர் படத்தில் மடிப்பிடுக்குகள் வெளுத்தும், எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் கறுத்தும் தெரியும். அதிக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டிருப்பவருக்கும் மூளையுறை அழற்சி உள்ளவருக்கும் ஃப்ளேரில் அதே வெண்மை வரலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனியூரிசம் கிடைக்காதபோதும், அதற்கு அடுத்த நாட்களிலும்

1985இல் நெதர்லாந்து மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்த ஒரு வகைக் கசிவில், இரத்தம் நடுமூளைக்கும் பான்ஸுக்கும் முன்னாலேயே மையங்கொண்டு, சில்வியன் பிளவின் வெளிப்பகுதிக்கோ முன் பிளவுக்கோ பரவாமல் நின்றுவிடும். இந்த வகையினருக்கு அனியூரிசம் இருப்பதில்லை. மறுபடி கசிவதும் மிக அரிது. ஆனால் பேசிலார் தமனியின் அனியூரிசமும் சில சமயம் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், இரத்தம் நின்ற இடத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், தரமான ஆஞ்சியோவில் பின்பக்கத் தமனிகளை முழுவதும் பார்த்த பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

இரத்தம் எல்லாச் சிஸ்டர்ன்களிலும் பரவியிருந்து, சி.டி. ஆஞ்சியோவில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கதீட்டர் வழியே செய்யும் டி.எஸ்.ஏ. ஆஞ்சியோகிராம் கட்டாயம். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த மூளை ஆஞ்சியோகிராபியின் இன்றைய வடிவமான இது, 3 மி.மீ.க்குக் குறைந்த அனியூரிசங்களைக் காட்டுவதில் இன்றும் சி.டி. ஆஞ்சியோவை விஞ்சி நிற்கிறது. அதிலும் கிடைக்கவில்லையென்றால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். உறைந்த இரத்தத்தால் அடைபட்டிருந்த சிறிய அனியூரிசம் அதற்குள் திறந்துகொண்டு தெரியலாம்.

அனியூரிசத்தை அடைத்த பின்னும் 3ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை தமனிகள் சுருங்கும் காலம் என்பதை ஸ்கேன் பிரிவில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நோயாளி புதிதாகத் தூக்கக் கலக்கத்திலோ கை கால் பலவீனத்திலோ இருப்பதாக வார்டிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் சாதாரண சி.டி. எடுத்து, டெம்போரல் கொம்புகளை முதல் நாள் படத்தோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து, புதிய இரத்தமோ நீர்த் தேக்கமோ இல்லையென்று உறுதியான பிறகு, அதே அமர்விலேயே சி.டி. ஆஞ்சியோவும் வசதியிருந்தால் மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படமும் எடுத்துவிடுங்கள்.